பிள்ளையைக் கேட்டீர்களா?

நம் சமுதாயத்தில் அண்மைக் காலமாக ஒரு புதுப் பெருமை தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கிறோம் என்பதே அந்தப் பெருமை. திருமண வீட்டிலும் பெருநாள் சந்திப்பிலும், பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளையை அருகில் நிறுத்திக்கொண்டு பெற்றோர் அதன் அன்றாட அட்டவணையை ஒப்பிக்கக் கேட்கிறோம். பஜ்ருக்கு முன்னரே விழிப்பு. தொழுகைக்குப் பின் குர்ஆன் மனனம். பசியாறியதும் கணக்கும் அறிவியலும். ளுஹருக்குப் பின் அரபு இலக்கணம். அஸருக்குப் பின், பையனென்றால் நீச்சல், அம்பெய்தல், வசதியுள்ள ஊரில் குதிரையேற்றம். பெண்ணென்றால் பூத்தையல், மருதாணி, அடுப்படியில் கேக். மஃரிபுக்குப் பின் இஸ்லாமிய வரலாறு. இஷாவுக்குப் பின் உறக்கம். "ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டாள்" என்று முடியும் அந்த ஒப்பித்தல். சுற்றி நிற்போர் "மாஷா அல்லாஹ்" என்பர். பிள்ளை தலை குனிந்து நிற்கும். அதனிடம் எவரும் ஒன்றும் கேட்பதில்லை.

கேட்கப்படாத அந்தப் பிள்ளையின் சார்பில் சில சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் கல்வி கற்பிப்பது குற்றம் என்று வாதிட நான் வரவில்லை. பள்ளிக்கூடத்தின் வாசலை மிதித்தவரெல்லாம் அறிஞராகிவிடுவதுமில்லை, மிதியாதவரெல்லாம் அறிவிலிகளாகிவிடுவதுமில்லை. ஆனால் பிள்ளையின் நாள் முழுவதும் வேலையால் நிரப்பப்பட்டிருக்கிறது என்பதையே கல்விக்குச் சான்றாகக் காட்டுவதை ஏற்க இயலாது. செக்குமாடும் நாள் முழுவதும் ஓயாமல் நடக்கிறது.

இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். இன்று நாம் காணும் வடிவில் இவ்வியக்கம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வளர்ந்தது. அங்கே அதனை வளர்த்தவர்கள் இரு வகையினர். ஒரு வகைக்கு முன்னோடி ஜான் ஹோல்ட் (1923–1985) என்னும் ஆசிரியர். வகுப்பறையில் பிள்ளைகள் எவ்வாறு தோற்றுப் போகின்றனர் என்பதை ஆராய்ந்து 1964-இல் ஒரு நூல் எழுதிய அவர், பள்ளியைத் திருத்த முடியும் என்ற நம்பிக்கையைப் பின்னர் இழந்து, பள்ளியின்றிப் பிள்ளைகளை வளர்ப்போருக்கென 1977-இல் ஓர் இதழையே தொடங்கினார். அட்டவணையும் மணியடிப்பும் தேர்வச்சமும் பிள்ளையின் இயல்பான ஆவலைக் கொன்றுவிடுகின்றன. ஆகவே எதை, எப்போது, எவ்வாறு கற்பது என்பதைப் பிள்ளையின் விருப்பத்திற்கு விட்டுவிடுங்கள் என்பது அவர் கட்சி. மற்றொரு வகையினர், 1980-களில் பெருகிய கிறிஸ்தவப் பெற்றோர். பொதுப்பள்ளி தம் பிள்ளையின் சமய நம்பிக்கையைக் குலைத்துவிடும் என அஞ்சி வீட்டுக்குள் அழைத்துக்கொண்டவர்கள் அவர்கள். இவ்விரு சாராரும் போராடியதன் பயனாக 1993-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டப்படி செல்லத்தக்கதாயிற்று.

நம்மவர் இரவல் வாங்கியது எதை? பெயரையும் பேச்சையும் ஹோல்டிடமிருந்து வாங்கினர். வேலியை மற்றவரிடமிருந்து வாங்கினர். பள்ளியின் அட்டவணையை வெறுத்தவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு, எந்தப் பள்ளியிலும் காணாத இறுக்கமான அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கின்றனர். பள்ளியிலாவது மதிய இடைவேளை என ஒன்று உண்டு. அப்போது பிள்ளை யாரோடு பேசுகிறது, என்ன பேசுகிறது என்பதை எவரும் கண்காணிப்பதில்லை. இந்த வீட்டுப் பள்ளியில் அந்த இடைவேளையும் இல்லை.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1972-ஆம் ஆண்டு மே மாதம் தீர்ப்பான ஒரு வழக்கு இங்கே நினைக்கத்தக்கது. விஸ்கான்சின் மாநிலச் சட்டப்படி பிள்ளைகள் பதினாறு வயது வரை பள்ளி சென்றாக வேண்டும். அங்கு வாழும் ஆமிஷ் என்னும் எளிய வாழ்வுடைய கிறிஸ்தவப் பிரிவினர், எட்டாம் வகுப்போடு பிள்ளைகளை நிறுத்தி, பண்ணை வேலையிலும் வீட்டு வேலையிலும் தம் சமய நெறியிலும் பழக்குவது வழக்கம். மேல்வகுப்புக்கு அனுப்ப மறுத்த தந்தையர் மூவருக்கு ஆளுக்கு ஐந்து டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. தொகை சிறிது, கேள்வி பெரிது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது, தந்தையர் வென்றனர். சமய உரிமை பேசுவோர் இன்றும் கொண்டாடும் தீர்ப்பு அது. வீட்டுக் கல்விக்கு வாதாடும் நம்மவர் சிலரும் அதனை எடுத்துக்காட்டுகின்றனர்.

அவர்கள் எடுத்துக்காட்டாமல் விடுவது, அதே வழக்கில் நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதிய மாறுபட்ட கருத்துரையை. தந்தையின் சமய உரிமை பற்றி இத்தனை பேசினீர்களே, வழக்கில் சிக்கியிருப்பவர் பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகள் அல்லவா, அவர்கள் என்ன விரும்புகின்றனர் என்று கேட்டீர்களா என வினவினார் அவர். அப்பிள்ளைகளுள் ஒரு பெண் மட்டுமே சாட்சிக் கூண்டில் ஏறித் தன் மனத்தைச் சொல்லியிருந்தாள். மேல்வகுப்புக்குச் செல்லாதிருப்பது தன் சொந்த நம்பிக்கையே என்றாள். ஆகவே அவளைப் பொறுத்தவரை தீர்ப்புக்கு இசைந்த டக்ளஸ், ஏனைய இருவரைப் பொறுத்து இசையவில்லை. ஒரு பிள்ளை இசைக்கலைஞனாகவோ விண்வெளி வீரனாகவோ கடலாராய்ச்சியாளனாகவோ ஆக விரும்பினால், அதற்குத் தன் முன்னோர் மரபை விட்டு வெளியேற வேண்டியிருக்குமே, அந்த வாயிலைத் தந்தை மட்டும் தனித்து அடைத்துவிடலாமா என்பது அவர் கேள்வி. ஏனைய நீதிபதிகள் அக்கேள்விக்குள் புகவில்லை. பிள்ளைகள் வழக்கின் தரப்பினர் அல்லர் என்று ஒதுக்கிவிட்டனர். வீட்டிலும் நம் பிள்ளைகள் தரப்பினர் அல்லர்தாம்.

"நம் முன்னோர் வீட்டிலேதானே ஓதினார்கள்? நம் பாட்டிமார் எந்தப் பள்ளிக்குச் சென்றார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் பெண்கள் வீட்டிலும் தைக்காவிலும் இருந்தபடியே ஓதினர். அரபு எழுத்தில் தமிழை எழுதிப் படிக்கும் அரபுத் தமிழ் என்னும் அருஞ்செல்வம் அவர்கள் மடியில்தான் வளர்ந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் போன்ற பெரியார்கள் அவ்வெழுத்தில் மார்க்க நூல்கள் யாத்தளித்தது, அரபு மொழி அறியாத மக்களும் மார்க்கத்தைத் தம் தாய்மொழியில் அறிந்துகொள்ளட்டும் என்பதற்காகவே. அந்த மரபைப் பழிப்பவர் நன்றி கொன்றவர். ஆனால் அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அரபுத் தமிழ் மட்டுமே அறிந்த ஒரு பெண்ணுக்குத் தொழுகையின் ஷர்த்து தெரியும். தன் பெயரில் எழுதப்பட்ட கிரயப் பத்திரத்தைப் படிக்கத் தெரியாது. தமிழெழுத்து அவளுக்குக் கற்பிக்கப்படவில்லை. படித்தவள் கைநாட்டு வைத்தாள். அந்த அறியாமையால் எத்தனை சொத்து எத்தனை கை மாறியது என்பதற்கு எவரும் கணக்கு வைக்கவில்லை.

இனி, வீட்டில் கற்று உயர்ந்தவர் என்று நம்மவர் பெருமையுடன் காட்டும் பெண்மணிகளைப் பார்ப்போம். முதலில் நிற்பவர் வங்கத்தின் பேகம் ரொக்கையா சகாவத் ஹுசைன். 1880-இல் ரங்பூர் மாவட்டத்துப் பைராபந்து என்னும் சிற்றூரில், செல்வாக்கு மிக்க ஜமீன்தார் குடும்பத்தில் பிறந்தவர். சகோதரர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டு ஆங்கிலக் கல்வி பெற்றனர். பெண் மக்களுக்கு வீட்டிலேயே திருக்குர்ஆன் ஓதுதலும் சிறிது உர்துவும். ஊர் மக்கள் பேசும் வங்கமொழி, உயர்குடிப் பெண்ணுக்குத் தகாத மொழி என்று விலக்கப்பட்டிருந்தது. ஐந்து வயதிலிருந்தே, வீட்டுக்கு வரும் வெளிப் பெண்களின் கண்ணிலும் படாமல் ஓடி ஒளிய வேண்டியிருந்ததைப் பின்னாளில் ரொக்கையாவே எழுதியுள்ளார்.

அந்த வீட்டில் அவர் கற்றது எவ்வாறு? தமக்கை கரீமுன்னிஸா, சகோதரர்கள் படிக்கும் ஓசையைக் கேட்டு, முற்றத்து மண்ணில் எழுத்துகளைக் கீறிக் கீறி வங்கமொழி பயின்றவர். செய்தி பரவியதும் அவர் படிப்பு நின்றது. இளம் வயதிலேயே மணம் முடிந்தது. தமையன் இப்ராஹீம் ஸாபிர், தந்தையார் உறங்கிய பின்னர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தங்கை ரொக்கையாவுக்கு ஆங்கிலம் கற்பித்தார். வீடு கொடுத்த கல்வியாகவா இதைக் கொள்வது? வீட்டுக்குத் தெரியாமல் வீட்டிலிருந்து திருடப்பட்ட கல்வி இது. பின்னாளில் தம் 'மோதிசூர்' இரண்டாம் பாகத்தைத் தமக்கைக்கும், 'பத்மராக்' நாவலைத் தமையனுக்கும் உரித்தாக்கினார் ரொக்கையா. யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் எழுதிய 'சுல்தானாவின் கனவு' என்னும் ஆங்கிலக் கதை 1905-இல் முதன்முதல் அச்சேறியது நம் சென்னை நகரில், கமலா சத்தியநாதன் அம்மையார் நடத்திய மகளிர் இதழில் என்பது நம் வாசகர் பலர் அறியாத செய்தி. ஆண்கள் அந்தப்புரத்தில் இருக்க, பெண்கள் அறிவியல் கொண்டு நாடாளும் ஒரு தேசத்தைக் கனவில் காண்பதாகச் செல்லும் அக்கதை. வாழ்நாளில் ஒரு பள்ளியிலும் படித்திராத பெண் எழுதியது. எழுதியவர் அத்தோடு நின்றாரா? 1909-இல் கணவர் மறைந்தார். பெண் கல்விக்கென அவர் ஒதுக்கி வைத்திருந்த பத்தாயிரம் ரூபாயைக் கொண்டு, அதே ஆண்டு பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் பள்ளி திறந்தார். உறவினர் தொல்லையால் அவ்வூரை விட்டு வெளியேறி, 1911-இல் கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் மீண்டும் திறந்தார். வீட்டுக் கல்வியே போதுமென்றால், அதில் தேறி வெளிவந்த தலைசிறந்த மாணவி ஏன் வீடு வீடாகச் சென்று, உங்கள் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று கெஞ்ச வேண்டும்?

கெஞ்சிய கதையில் வண்டிக் கதை ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. பர்தா குலையாமல் மாணவியரை அழைத்துவரப் பள்ளிக்கென மோட்டார் வண்டி ஒன்று ஏற்பாடாயிற்று. காற்றுப் புகாதபடி நாற்புறமும் அடைக்கப்பட்ட வண்டி. உள்ளே இருட்டில் சிறுமியர் மயங்கி விழுந்தனர், வாந்தியெடுத்தனர். தாய்மார் முறையிட்டனர். உடனே அடைப்பை நீக்கித் திரைச்சீலை தொங்கவிட்டார் ரொக்கையா. அடுத்த சில நாட்களில் வேறு கடிதங்கள் வந்தன: காற்றில் திரை விலகுகிறது, பெண்களின் மானம் போகிறது, திருத்தாவிட்டால் பத்திரிகைகளில் எழுதி அம்பலப்படுத்துவோம் என்று. அடைத்தால் மூச்சு முட்டுகிறது. திறந்தால் மானம் போகிறது. 1931-இல் நூலாக வந்த 'அவரோதபாசினி'யில் இதனை எழுதிய அம்மையாரின் எள்ளல், கல்லையும் கீறும். அடுத்த ஆண்டு, தம் பிறந்த நாளாகிய டிசம்பர் 9 அன்றே காலமானார்.

நம் மண்ணுக்கு வருவோம். தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண்மணி எனப் போற்றப்படும் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் (1917–1998) அவர்கள் பள்ளியில் கற்றது மூன்றாம் வகுப்பு வரை. 1938-இல் வெளிவந்த அவர்தம் 'காதலா கடமையா' நாவலுக்கு முன்னுரை அளித்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். 'செண்பகவல்லி தேவி' போன்ற வரலாற்றுக் கதைகளையும் அவர் எழுதினார். இலக்கியம் மணந்த குடும்பம். உடன்பிறந்தவர் பத்திரிகை நடத்தியவர். வீட்டில் நூல்கள் இருந்தன. மூன்றாம் வகுப்பு படித்த பெண் இத்தனை எழுதினாரே என்று வியப்போர், அக்காலத்து நாகூரில் மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட ஏனைய பெண்கள் எத்தனை பேர், அவர்கள் எழுதாது போனவை எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதில்லை. கடலில் தவறி விழுந்து கரையேறிய ஒருவரைக் காட்டி, கடலில் விழுவது உடலுக்கு நல்லது என்பார் போலப் பேசுகிறோம்.

பழங்கதை என்று இதைத் தள்ளவும் முடியாது. துவரங்குறிச்சியில் பருவமெய்திய நாளையொட்டிப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள் இருந்தபடி மறைவாகக் கவிதை எழுதிய சல்மா, 2001-இல் பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தலைவரானார். 2004-இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவல் தந்தார். 2025-இல் மாநிலங்களவை உறுப்பினரானார். அவர் எழுத்தோடு எனக்கு மாறுபாடுகள் உண்டு, அது வேறு. அவரும் ஒரு காலத்தில் "வீட்டிலிருந்து படிக்கும் பெண்"தான். அவருக்கு அட்டவணை போட்டுக் கொடுத்தவர் எவருமில்லை என்பதே வேறுபாடு.

பள்ளிகளின் குற்றத்தை நான் மறைக்க வேண்டியதில்லை. மதிப்பெண் ஆலைகளாகிவிட்ட பள்ளிகள் உண்டு. பெயரைக் கேட்டதும் பிள்ளையை வேறு கண்ணால் பார்க்கும் வகுப்பறைகள் உண்டு. கர்நாடகத்தில் 2022 பிப்ரவரி 5 அன்று பிறந்த சீருடை ஆணையும், அதனைச் சரியென்ற மார்ச் 15 உயர்நீதிமன்றத் தீர்ப்பும், முக்காடிட்ட மாணவியரைக் கல்லூரி வாசலிலேயே நிறுத்தின. அந்த வாசலில் புத்தகப்பையுடன் நின்ற பெண்களின் தந்தையரிடம் போய், வீட்டில் வைத்துப் படிப்பிப்பது தவறு என்று சொல்ல எனக்கு நா எழாது. ஆயினும் அவ்வழக்கில் அப்பெண்கள் கேட்டது என்ன? வீட்டுக்கு அனுப்புங்கள் என்றா கேட்டார்கள்? உள்ளே விடுங்கள் என்று கேட்டார்கள். 2022 அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் இருவேறு தீர்ப்புகள் அளித்தபோது, நீதிபதி சுதான்ஷு தூலியா அம்மாணவியரின் பக்கம் நின்றதும், பெண்பிள்ளையின் படிப்பே எல்லாவற்றினும் முதன்மையானது என்ற எண்ணத்தினால்தான். வாசலில் நின்று போராடிய அந்தப் பெண்களையே சான்றாகக் காட்டித் தம் மகளை வாசலுக்கே அனுப்பாதிருக்கும் தந்தையரை என்னென்பது!

வீட்டுப் பள்ளியில் ஆசிரியர் யார் என்ற கேள்வியும் உண்டு. பெரும்பாலும் தாய். அந்தத் தாய் எத்தனையாம் வகுப்பில் நிறுத்தப்பட்டாள்? பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது எல்லா வீடுகளும் பள்ளிகளாக்கப்பட்டன. பயன், 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலரைத் தெருத்தெருவாக அனுப்பி, விட்டுப்போன பாடத்தை மீட்க வேண்டியதாயிற்று. படித்த வீடு தாங்கிக்கொண்டது. மற்ற வீடு தாங்கவில்லை.

இனி, மஃரிபுக்குப் பின் நடைபெறுவதாகச் சொல்லப்படும் வரலாற்றுப் பாடத்துக்கு வருகிறேன். மார்க்கக் கல்வியில் குறை காண எனக்குத் தகுதியில்லை. அது ஆலிம் பெருமக்கள் பொறுப்பு. வரலாறு பற்றிப் பேசலாம். நான் பார்த்த அலமாரிகளில் அப்பாடத்துக்குரிய நூல்கள் ஒரே மாதிரியானவை. பத்ரில் வெற்றி, 711-இல் தாரிக்கின் கப்பல்கள், குர்துபாவின் நூலகங்கள், சிலுவைப் போரில் ஸலாஹுத்தீன், பிறகு திடீரென்று 1492, கிரானடாவின் வீழ்ச்சி, காரணம் பகைவரின் சூழ்ச்சி. இடையில் என்ன நடந்தது? 1031-இல் குர்துபாவின் கிலாஃபத் உள்நாட்டுப் பூசலால் சிதறிச் சிற்றரசுகளானதும், அச்சிற்றரசர்கள் ஒருவரையொருவர் வீழ்த்தக் கிறிஸ்தவ மன்னர்களுக்குக் கப்பம் கட்டியதும் அப்பிள்ளைக்குச் சொல்லப்படுவதில்லை. இப்னு ருஷ்து பெயர் சொல்லப்படும். 1195-இல் அவர் நூல்கள் தீக்கிரையானதும் அவர் நாடுகடத்தப்பட்டதும் ஒரு முஸ்லிம் மன்னரின் ஆணையால் என்பது சொல்லப்படாது. 656-இல் ஜமலிலும் 657-இல் ஸிப்பீனிலும் நபித்தோழர்களே எதிரெதிர் அணியில் நிற்க நேர்ந்த துயரம் ஒரு வரியில் தாண்டப்படும், அல்லது அந்தப் பக்கமே இராது.

அருகிலுள்ள வரலாறும் அவ்வாறே. நான்காம் குஞ்ஞாலி மரைக்காரின் வீரத்தைப் பிள்ளை மனப்பாடமாக ஒப்பிக்கும். போர்ச்சுக்கீசியர் 1600-இல் அவரைக் கோவாவில் கொன்றதையும் அறியும். கோட்டையை முற்றுகையிட்டவர்களுள், அவர் குலம் தலைமுறை தலைமுறையாகப் பணிபுரிந்த சாமூதிரி மன்னரின் படையும் இருந்ததை அறியுமா? மன்னருக்கும் தளபதிக்கும் ஏன் முறிந்தது, அதில் தளபதியின் செருக்குக்கு எவ்வளவு பங்கு, மன்னரின் அச்சத்துக்கு எவ்வளவு பங்கு என்று கேட்கத் தொடங்கும் இடத்தில்தான் வரலாறு தொடங்குகிறது. அதற்கு முன்னுள்ளது தாலாட்டு.

இதை அந்நியர் சொல்லவில்லை. வரலாற்றுக்கு இலக்கணம் வகுத்த இப்னு கல்தூன் 1377-இல் எழுதி முடித்த 'முகத்திமா'வின் தொடக்கத்திலேயே, கேட்டதையெல்லாம் அப்படியே எழுதிவைத்த வரலாற்றாசிரியர்களைச் சாடுகிறார். மூஸா நபி (அலை) காலத்துப் படை ஆறு இலட்சத்துக்கும் மேல் என்று ஆசிரியர்கள் எழுதிச் சென்றதை எடுத்துக்கொண்டு, அத்தனை பேருக்கு எந்த நிலம் இடம் கொடுக்கும், அணிவகுத்தால் ஒரு முனைக்கு மறுமுனை தெரியுமா என்று கேட்கிறார். பெரியோர் சொன்னதாயினும் நடக்கக்கூடியதா என்று பார் என்பது அவர் கற்பிக்கும் முதல் பாடம். அதே நூலில், பிள்ளைகளிடம் கடுமை காட்டுவது அவர்களைப் பொய்யராக்கும் என்கிறார்; அறிவு தேடிப் பயணம் செய்து பல ஆசிரியர்களை நேரில் கண்டு கற்பதே கல்வியை நிறைவாக்கும் என்கிறார்.

அவருடைய பருவ வயதே அதற்குச் சான்று. 1332-இல் தூனிஸில் கற்றோர் குடும்பத்தில் பிறந்தவர், தந்தையாரே ஆசான். அத்தோடு நின்றிருந்தால் மேலும் ஒரு நல்ல காதியார் கிடைத்திருப்பார். 1347-இல் மரீனிய சுல்தான் தூனிஸைக் கைப்பற்றியபோது, படையுடன் அறிஞர் கூட்டம் ஒன்றும் வந்தது. அவர்களுள் ஒருவரான அல்-ஆபிலியிடம் தருக்கமும் மெய்யியலும் கற்றார் பதினைந்து வயதுக் கல்தூன். வென்ற படையோடு வந்தவரிடம், தோற்ற ஊரின் பிள்ளை! அடுத்த ஓரிரு ஆண்டில் கொள்ளைநோய் பெற்றோர் இருவரையும் கொண்டுபோயிற்று. பிறகு பாஸ், கிரானடா, கெய்ரோ என்று அவர் சென்ற ஊர்களும், அமர்ந்த அவைகளும், கிடந்த சிறையும் நாம் அறிந்தவை.

ஆகவே வீட்டுக் கல்வியாளரிடம் நான் கேட்பவை சில. உங்கள் பிள்ளைக்கு உங்களோடு மாறுபடக்கூடிய ஆசிரியர் ஒருவரேனும் உண்டா? உங்கள் மார்க்கத்தைச் சாராத நண்பர் ஒருவரேனும் உண்டா? நீங்கள் தேர்ந்தெடுக்காத நூல் ஒன்றையேனும் இந்த ஆண்டில் படித்திருக்கிறதா? விடுதலை பெற்ற பின் இந்நாட்டில் முதன்முதல் பொது நூலகச் சட்டம் கண்டது நம் மாநிலம், 1948-இல். கிளை நூலகம் இல்லாத ஊர் அரிது. அம்பெய்தலுக்கு மகனை மகிழுந்தில் அழைத்துச் செல்லும் தந்தை, மகளை நூலகத்துக்கு அனுப்பி, அவள் விரும்பும் அலமாரியில் விரும்பும் நேரம் வரை இருந்துவர விடுவாரா? பொழுதுபோக்கு என்று நீங்கள் பட்டியலிடும் பூத்தையலும் மருதாணியும் அவள் விரும்பியவையா, அல்லது அவள் சகோதரனுக்கு வாய்த்த குதிரை அவளுக்கு வாய்க்காததால் கொடுக்கப்பட்டவையா? வெளியில் சென்றால் ஈமான் போய்விடும் என்றால், இத்தனை ஆண்டு வீட்டில் ஊட்டிய ஈமான் எந்த அளவுக்கு உறுதியானது?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. பதினான்கு வயது நிறைந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே, பள்ளி செல்லாமலே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். அதன் சான்றிதழ் கல்லூரிக்கும் வேலைக்கும் செல்லும். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அதையும் எழுதவைக்காமல், "சான்றிதழ் எதற்கு, ஆகிரத்துக்கு வேண்டியதைப் படிக்கிறாள்" என்பவர்கள் இருக்கிறார்கள். நாளை கணவன் கைவிட்டாலோ காலமானாலோ அவள் எந்தத் தாளைக் காட்டி வேலை கேட்பாள் என்பதை அவர்கள் எழுதிக் கொடுக்கட்டும்.

அந்நிறுவனத்தின் தேர்வில் பாடங்கள் ஐந்து. மொழி ஒன்றோ இரண்டோ போக, மற்றவற்றைப் படிப்பவரே தேர்ந்துகொள்ளலாம். வீட்டில் படிக்கும் பிள்ளைகளின் விண்ணப்பத்தில் அந்தப் பகுதியைத் தந்தையார் நிரப்புவதே வழக்கமாக இருக்கிறது. எழுதுகோலை மகளிடம் கொடுத்துவிட்டு, அவள் எழுதி முடிக்கும் வரை அடுத்த அறையில் இருங்கள்.